புதுச்சேரியில் ஒரு 2014 போர்ஷே கேமன் எஸ் கார், கடலூருக்குக் கொண்டு வரலாமா?

மஞ்சக்குப்பத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பதினைந்து நாளாக ஒரு வண்டி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். 2014 போர்ஷே கேமன் எஸ், சிவப்பு, பிடிகே என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பிஒய்-01 என்ற புதுச்சேரி நம்பர், முதல் ஓனர். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே வீடு, ஓய்வு பெற்ற டாக்டர். மீட்டரில் 31,400 கிலோமீட்டர். கேட்கும் விலை 52 லட்சம். முட்டி வலியால் அவ்வளவு தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை, அதனால் விற்கிறேன் என்றார். நான் போன அன்றும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், அதனால் காரணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் தடவை என் இன்னோவாவைப் பார்க்கும் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் திறந்தார், ஆழமாக ஒரு சாமான் பெட்டி. பின்னால் திறந்தார், அங்கேயும் சாமான் வைக்கும் இடம். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் மூடிக் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிவது ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, அவ்வளவுதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இதுல நான் எதுவும் சொல்லக் கூடாது, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

இரண்டாம் தடவை தனியாகப் போனேன். டாக்டர் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார், வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பில்லும் பிளாஸ்டிக் உறையில் தேதி வரிசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மரக்காணம் வரை போய்த் திரும்புவதுதான் பழக்கமாம். ஆனால் கடைசி இரண்டு வருடத்தில் மொத்தமே 600 கிலோமீட்டர் சுற்றிதான் ஓடியிருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்றுதான் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் ஓடாத வண்டி புதுசு மாதிரிதானே என்கிறார்கள்.

அப்புறம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இந்த வண்டி எங்கே நின்றது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, அங்கே கேட்கவில்லை. இன்னொன்று, என் மச்சான் அரியாங்குப்பத்தில் இருக்கிறார், அவர் பெயருக்கே மாற்றிவிட்டால் தமிழ்நாட்டு வரி மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?

எனக்கு வயது 46, டைல்ஸ் வியாபாரம். பத்தாவது படிக்கும்போது ஒரு மாத இதழிலிருந்து கிழித்த போர்ஷே படத்தைப் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அந்த பீரோ இன்னும் அம்மா அறையில் இருக்கிறது. காசைத் தூக்கிப்போட வரவில்லை, நிதானமாக முடிவெடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஈசிஆர் விடியல்

நண்பரே, ஏழு வருடமாக இதே தலைமுறை (981 என்பார்கள்) கேமன் எஸ் வைத்திருக்கிறேன், சென்னையில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிம்மதி தரும் விஷயம். கேமனைப் பற்றித் தேடினால் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் என்ற இடை ஷாஃப்டின் பேரிங் உடைந்து இன்ஜினே போய்விடும் என்று நிறைய படிப்பீர்கள். அது 2008 வரை வந்த பழைய இன்ஜின். 2009 முதல் வந்த இன்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது. உங்களுடையது 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர் படுக்கை வசத்தில், 325 குதிரைத்திறன், டர்போ இல்லை. நிமிடத்துக்கு 7,400 சுற்றில்தான் முழு பலமும் வரும், அந்தச் சத்தம் காதுக்குப் பின்னால் கேட்கும்போது உங்கள் பீரோ கதவு ஞாபகம் வரும்.

இப்போது பயப்பட வேண்டிய இடம். ஓடாத வண்டி புதுசு மாதிரி என்பது தப்பு. என்னைக் கேட்டால் கடற்கரையில் நின்ற 600 கிலோமீட்டரை விட, ஓடிய 20,000 கிலோமீட்டரே நல்லது. ஓடினால் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும், சூட்டில் ஈரம் காயும், பிரேக் டிஸ்க்கை பேடே தேய்த்துச் சுத்தமாக்கிவிடும். நின்றால் ரப்பர் இறுகும், பேட்டரி சாகும், உப்புக்காற்று தன் வேலையைப் பார்க்கும்.

குறிப்பாக ஒரு இடம் சொல்கிறேன். முன் பம்பரில் இடமும் வலமும் காற்று போக வாய் மாதிரி இரண்டு திறப்பு இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அங்கேதான் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். காய்ந்த இலை, பூ, பஞ்சு எல்லாம் போய் அந்த இடுக்கில் அடைந்துகொள்ளும், மழைத் தண்ணீரில் ஊறி அப்படியே நிற்கும், அதன் மேல் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். என் வண்டியில் ஏசி குறையுது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன், ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் நிரப்பி மூன்று முறை காசு வாங்கினார்கள், பம்பரைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. நாலாவது முறை வேறு ஒருவரிடம் போனேன், பம்பரை இறக்கியதும் ஒரு கூடை வேப்பிலைச் சருகு கொட்டியது, வலது பக்கக் கண்டென்சரின் கீழ் மூலை விரல் பட்டதும் உதிர்ந்தது. டாக்டர் வீட்டு வாசலில் மரம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

டயர். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஆறு வருடத்துக்கு மேல் போயிருந்தால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். முன்னால் 235, பின்னால் 265, இரண்டும் 19 இன்ச், அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. போர்ஷே ஒப்புதல் உள்ள டயரில் N என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும், நாலும் ஒரே வகையா என்று பாருங்கள்.

சென்னை போர்ஷே சென்டரில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே இன்ஜின் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது. 31,400 கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். ஊருக்குள்ளும் ஈசிஆரிலும் கலந்து ஓட்டினால் 30, 40 என்று வரலாம். 12, 15 என்று வந்தால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இன்னொன்று, இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்ட கணக்கு, ஆறு படியாகப் பிரித்துப் போட்டிருக்கும். பிடிகே வண்டியில் மேல் படிகளில் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் எப்படி வந்தது என்று விளக்கம் வேண்டும்.

பில் ஃபைலில் பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஸ்பார்க் பிளக் நாலு வருடத்துக்கு ஒரு முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடவில்லை, அதனால் மாற்றவில்லை என்பார்கள். இரண்டுக்கும் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வருடமும் கணக்கு.


வில்லியனூர் வழிப்போக்கன்

மனசு நோக வேண்டாம், ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 52 லட்சம் போட்டு பத்து வருடத்துக்கு மேல் பழைய, இரண்டே பேர் உட்காரும் வண்டி. கடலூரில் எங்கே ஓட்டப் போகிறீர்கள்? கெடிலம் பாலம் ஏறி இறங்கி இம்பீரியல் ரோட்டில் இரண்டாவது கியர் தாண்டுவதே கஷ்டம். ஒரு சின்ன பார்ட் வேண்டுமென்றாலும் ஜெர்மனியிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். வாங்குவதற்கு இருக்கும் காசு மட்டும் போதாது, வருடத்துக்கு இரண்டு மூன்று லட்சம் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் சம்மதமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


லாஸ்பேட்டை ஃபைல்

நான் பேப்பர் வேலையை மட்டும் சொல்கிறேன், வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

மச்சான் பெயரில் மாற்றும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆர்சி அவர் பெயரில், இன்சூரன்ஸ் அவர் பெயரில், முகவரி அரியாங்குப்பம், ஆனால் வண்டி தினமும் நிற்பது மஞ்சக்குப்பத்தில் உங்கள் ஷெட்டில். நாளைக்கு ஒரு விபத்து என்றால் வழக்கு அவர் பெயருக்குப் போகும், நஷ்ட ஈடு வந்தாலும் அவர் கணக்குக்குத்தான் போகும். உறவு நன்றாக இருக்கும்போது எல்லாம் சரி. அவருக்கோ உங்களுக்கோ ஏதாவது ஆனால் 52 லட்ச ரூபாய் வண்டி யாருடையது என்று இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டி வரும். புதுச்சேரியில் உண்மையாகக் குடியிருப்பவர் பிஒய் நம்பர் வைத்திருப்பதில் ஒரு தப்பும் இல்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு வரிக்காக வைத்திருப்பதுதான் சிக்கல். இரண்டு ஊருக்கும் நடுவே 22 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஒரு எல்லை இருக்கிறது, இரண்டு பக்கமும் செக்கிங் இருக்கிறது.

நேர் வழி இதுதான். டாக்டர் புதுச்சேரி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். வண்டி மேல் எப்போதாவது கடன் இருந்திருந்தால் படிவம் 35ம் வங்கி கடிதமும் கொடுத்து ஆர்சியில் அதை நீக்கியிருக்க வேண்டும், கடன் கட்டி முடித்தும் ஆர்சியில் நீக்காமல் விட்டவர்கள் நிறைய பேர். அதன் பிறகு கடலூரில் படிவம் 27, டிஎன்-31 நம்பர், ஆயுள் வரி. மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவில் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் சும்மா ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வரி அதற்குக் காத்திருக்காது.

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். உங்களுடையது பழைய வண்டி, வயது கூடக் கூட விகிதம் குறையும். முதல் இன்வாய்ஸ் நகலை டாக்டரிடம் வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கடலூர் ஆர்டிஓ ஆபீசில் கணக்குப் போட்டுக் கேளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் வண்டியின் விலை. 2029ல் பதினைந்து வருடம் முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், முழுசாக இறக்குமதியான வண்டிக்கு அந்தக் கட்டணம் உள்ளூர் வண்டியைவிடப் பல மடங்கு.

பணம் முழுவதும் வங்கி வழியாகப் போகட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் இருக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். டாக்டருக்கும் இது நல்லது.


டிங்கர் பட்டறை ஓடி

அண்ணே, நான் கடலூர் ஓடி, அதாவது ஓல்டு டவுன்தான், பாடி வேலை 22 வருசமா செய்யறேன். இந்த வண்டியில் நான் கை வைத்ததில்லை, ஆனால் தண்ணியில் நின்ற வண்டி எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் பேசும்.

ஃபெஞ்சல் அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணை ஆற்றில் வந்து இந்தப் பக்கம் கடலூரையும் அந்தப் பக்கம் பாகூரையும் முழுக்காட்டியது. அந்த மாதம் என் பட்டறை வாசலில் வண்டி நிற்க இடமில்லை. சாதாரண காருக்கு மிதியடி நனைகிற தண்ணி, இவ்வளவு தாழ்வான காருக்கு சீட்டு நனைகிற தண்ணி.

சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் வெளியே இழுங்கள். யாரும் அந்தக் கடைசி ஒரு முழத்தைக் கழுவ மாட்டார்கள், தண்ணி ஏறியிருந்தால் சேறு கோடு அங்கேயே இருக்கும். சீட்டை முன்னே தள்ளி, அடியில் போகும் தண்டவாளத்தைத் தொட்டுப் பாருங்கள், செம்பட்டையாகத் தூள் ஒட்டினால் கேள்வி. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அமுக்கி மோந்து பாருங்கள். சென்ட் அடித்திருந்தால் கண்ணாடியை ஏற்றி, வெயிலில் ஒரு மணி நேரம் விட்டு, திரும்பக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள், அப்போது எந்த சென்ட்டும் காப்பாத்தாது. ஒயர் கனெக்டர் ஒன்றைக் கழற்ற முடிந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

இன்சூரன்ஸ் பேப்பரையும் வாங்கிப் பாருங்கள் அண்ணே. 2025 பாலிசியில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்குத் தரும் தள்ளுபடி, 50 சதவீதம் அப்படியே இருந்தால் அந்தப் புயலுக்கு கிளைம் போடவில்லை என்று ஓரளவு நம்பலாம். திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் இருந்தால் இது செல்லாது, அதையும் பாருங்கள்.

அடியில் போல்ட், சைலன்சர் கிளாம்ப், பிரேக் பைப் இதெல்லாம் துரு பிடித்திருக்கும். கடல் ஊரில் அது இல்லாத வண்டியே கிடையாது. மேலாகப் பிடித்த துரு வேறு, தட்டினால் செதில் செதிலாக உதிரும் துரு வேறு.


மஞ்சக்குப்பத்தான்

எல்லோருக்கும் நன்றி, மனசார. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மறுபடி போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன், புயல் அன்று வண்டி எங்கே என்று. அவர் கோபப்படவில்லை. மழை வருமுன்னே அதை லாஸ்பேட்டை மேட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னார், அன்று வாசலில் எடுத்த போட்டோவை போனில் தேடிக் காட்டினார். இன்சூரன்சில் போனஸ் 50 சதவீதம், ஆட்-ஆன் எதுவும் இல்லை. ஓடி தம்பி சொன்ன மாதிரி சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், மடிப்பு கூடக் கலையாமல் புதுசாக இருந்தது. அவரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், "இது எனக்குத் தெரியாம போச்சே" என்று மற்ற பக்கத்தையும் அவரே இழுத்துக் காட்டினார்.

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது, முன் பெட்டி கரன்ட்டில்தான் திறக்கும், பேட்டரி அதற்குள்தான் இருக்கிறது. டாக்டர் தரையில் உட்கார முடியாமல் என்னிடம் சொல்லச் சொல்ல, டிரைவர் காலடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, என் இன்னோவா பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்த பிறகுதான் பெட்டி திறந்தது. நின்ற வண்டி என்று ஈசிஆர் அண்ணன் சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது.

போன வெள்ளிக்கிழமை சென்னைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினோம். இன்ஜின் ஓடியது 942 மணி நேரம், வகுத்தால் 33 வருகிறது. மேல் படிகளில் ஒன்றும் இல்லை. பம்பருக்குள் டார்ச் அடித்தேன், இரண்டு பக்கமும் சருகு, இடது கண்டென்சரின் கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது, கசிவு இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆனால் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். டயரில் 1917 என்று இருக்கிறது, அதாவது 2017ல் 19வது வாரம். பட்டன் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது, பக்கவாட்டில் நகம் வைத்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிகிறது. பிரேக் ஆயில் பில் கடைசியாக 2021ல்.

வில்லியனூர் நண்பரே, நீங்கள் சொன்னதை வீட்டில் அப்படியே படித்துக் காட்டினேன். பெரியவள் காலேஜ் பணம் தனியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. இருக்கிறது. அப்படியென்றால் சரி என்றாள். மச்சான் பெயரில் போடும் பேச்சை விட்டாகிவிட்டது, கடலூர் ஆர்டிஓவில் வரிக்கணக்கு கேட்டு எழுதி வாங்கிவிட்டேன்.

டயர், கண்டென்சர், ஆயில் வேலை எல்லாம் சேர்த்து எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். ஒரு நாள் எடுத்துக்கொண்டு 47க்கு வருகிறேன் என்றார். நான் 46 சொல்லியிருக்கிறேன். நியாயமாகச் சொல்கிறேனா?


ஈசிஆர் விடியல்

47க்கே முடித்துவிடுங்கள். ஒரு லட்சத்துக்காக இழுக்காதீர்கள். பில்லை உறையில் போட்டு வைத்த, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஓனர் கிடைப்பது வண்டியை விட அரிது, நாளைக்கு ஏதாவது சந்தேகம் என்றால் போன் எடுப்பார். புது டயர் போடும் வரை ஈசிஆரில் வேகம் எடுக்க வேண்டாம், டிரக்கில் ஏற்றியே கொண்டு வாருங்கள். ஷெட்டில் பேட்டரி சார்ஜர் ஒன்று எப்போதும் மாட்டி வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் சூடேறும் வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இதில் ஆயில் பார்க்கக் குச்சி கிடையாது, சமதரையில் நிறுத்தி டேஷ்போர்டு திரையில்தான் பார்க்க வேண்டும், அதையும் டாக்டரிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பம்பர் வாயில் கை விட்டுச் சருகை எடுங்கள்.


டிங்கர் பட்டறை ஓடி

வண்டி வந்ததும் ஒரு நாள் பட்டறைப் பக்கம் கொண்டு வாங்க அண்ணே. காசு வேண்டாம். அடியில் நல்ல தண்ணியில் கழுவி, காய வைத்து, போல்ட் எல்லாத்துக்கும் ஆன்டி ரஸ்ட் அடித்துத் தருகிறேன். வாசலில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் உசரமாக இருக்கு, நேராக ஏற வேண்டாம், கோணமாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமா ஏத்தி இறக்குங்க. நான் வெளியே நின்று சைகை காட்டுகிறேன்.


மஞ்சக்குப்பத்தான்

47க்குப் பேசி முடித்துவிட்டேன். நேற்று வங்கியில் அட்வான்ஸ் போட்டாகிவிட்டது, என்ஓசிக்கு டாக்டர் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறார். டிரக் வெள்ளிக்கிழமை காலை. தம்பி, சனிக்கிழமை பத்து மணிக்குப் பட்டறையில் இருப்பீர்களா?